சாம்பிராணிப் புகையில் ஒரு குட்டிப் பச்சோந்தி

சுவிஸில், வின்டர்தூரிலுள்ள என் வீட்டில் விரலளவுக் குட்டிப் பச்சோந்திகளை வளர்த்து விற்கிறேன். வாங்குபவர்களைத் துருவித் துருவி விசாரித்த பிறகுதான் கொடுப்பேன். அதில் எனக்கிருந்த பெருமை ஒரு வெள்ளிக்கிழமையோடு போனது.

என்னிடம் ஒன்றை வாங்கியிருந்த டீட்டிகோன் ஊர் அக்கா போனில் அழுதார். "தம்பி, அது கண்ணைத் திறக்குதில்லை. நான் சாக்காட்டிப் போட்டனோ?"

உடனே ரயில் ஏறினேன். அவர் கதவைத் திறந்ததும் சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்தது. குளிருக்கு யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. சாமிப்படங்களுக்கு நேர் கீழே பச்சோந்தியின் பெட்டி. என் வீட்டிலும் வெள்ளிதோறும் அதே புகைதான். அந்தப் புகை பச்சோந்திகளுக்கு ஆகாது என்பதால் பெட்டிகளை வேறு அறையில் வைத்திருக்கிறேன். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

யன்னலைத் திறந்து, பச்சோந்தியை உள்ளங்கையில் ஏந்தி நின்றேன். அசைவே இல்லை. பிறகு ஒரு கால் மெல்ல என் விரலைப் பற்றியது.

"பிழை என்ரை, அக்கா," என்றேன்.

இப்போது வாங்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "வீட்டிலை சாமிப்படம் எங்கை வச்சிருக்கிறியள்?"