கிழித்தெடுத்த கடைசி அத்தியாயம்

“இன்னாத்துக்குத்தான் மடிப்பானுங்களோ” என்று முனகிக்கொண்டே, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ மடித்துவைத்த காகித மூலையை அன்புக்கரசி மெல்லிய பிரஷ்ஷால் நிமிர்த்துகிறார். பக்கத்தின் மேல் கண்ணாடித் தகட்டை இறக்கிப் பொத்தானை அழுத்த, மேலேயிருக்கும் கேமரா படமெடுக்கிறது. அடுத்த பக்கத்திலும் மூலை மடிந்திருக்கிறது. மடித்த ஆசாமி உயிரோடு இருந்தால் மயிலாப்பூர்ப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

மயிலாப்பூரில் ஒரு மாடியில் இருக்கும் பத்திரிகைக் காப்பகத்தில் அவருக்கு வேலை. நாட்டில் வெளிவந்து நின்றுபோன பத்திரிகைகளையெல்லாம் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றுகிறார்கள். பழைய விளம்பரங்களைத் தேடிப் போன நான், விளம்பரத்தை விட்டுவிட்டு இவரை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

வேளச்சேரியிலிருந்து ரயிலில் வருவார். வந்ததும் கையைக் கழுவித் துடைத்து மோந்து பார்ப்பார். சாம்பார் வாசம் இருந்தால் மறுபடி கழுவல். ஏடுகளுக்கு நடுவே கிடைக்கும் ஹேர்பின், பஸ் டிக்கெட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகும். காய்ந்த கறிவேப்பிலை கிடைத்தால் மட்டும் என்னைக் கூப்பிட்டு, “துன்னுக்கினே படிச்சிருக்கு பாரு சார்” என்று காட்டுவார். வாசகர் கடிதங்களில் கட்சி சேர்வார். மருமகள்கள் வேலைக்குப் போகக் கூடாதென்று என்றைக்கோ எழுதிய ஒரு சைதாப்பேட்டைக்காரரை டீ குடிக்கும்போதுகூடத் திட்டுகிறார். யாரோ பேனாவால் தப்பும் தவறுமாக நிரப்பிய குறுக்கெழுத்துக் கட்டங்களை அப்படியே படமெடுக்க வேண்டியிருப்பது அவருக்குத் தாங்க முடியாத வேதனை.

போன வாரம் அதைவிடப் பெரிய வேதனை வந்தது. வேலையோடு வேலையாக ஒரு தொடர்கதையைப் படித்துக்கொண்டு வந்திருந்தார். மஞ்சுளா என்ற பெண், கல்யாணம் நிச்சயமான ரவீந்திரனை உதறிவிட்டு, மதுரையில் கிடைத்த டீச்சர் வேலைக்குப் போக எழும்பூரில் நிற்கிறாள். ரயில் புறப்படும் நேரம். ரவீந்திரன் ஓடி வருகிறான். முடிவு அடுத்த இதழில். அடுத்த இதழைப் பிரித்தால் நடுவே நான்கு பக்கங்களைக் காணோம். ஸ்கேல் வைத்து நேர்த்தியாகக் கிழித்திருந்தார்கள்.

திருட்டெல்லாம் இல்லை. அந்தக் காலத்து வீடுகளில் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்துக்கொள்வது வழக்கம். காப்பகத்துக்கு வருவது மிச்சம்தான்.

“‘பக்கம் இல்லை’னு அட்டை வெச்சு எடுத்துடுங்கக்கா. நாளைக்கு ஏத்தணும்” என்றார் அவருடைய மேலதிகாரி ஸ்ரீநாத். சின்ன வயசுக்காரர்.

“அட்டையா? அப்பால எந்த ஊர்லேர்ந்து எவன் தொறந்தாலும் அந்தப் பொண்ணு எக்மோர்லயே நின்னுக்கினு கீதும்பான். உனுக்கு சம்மதமா தம்பி?”

ஸ்ரீநாத் காப்பிக் கோப்பையோடு நகர்ந்துவிட்டார்.

அந்த இதழைக் கொடுத்தவர் மேற்கு மாம்பலம் விஜயராகவன். அன்புக்கரசி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “அம்மா பைண்டு பண்ணினது ஆத்துல பத்திரமா இருக்கு. ஆனா வெளில குடுக்கறதில்லை. அட்ரஸ் அனுப்பறேன், ஆத்துக்கே வந்து படம் எடுத்துக்கோங்கோ. கதை மட்டும் போறும்னா நானே சொல்லிடறேன். கடைசில அந்தப் பொண்ணு…” அன்புக்கரசி அலறியடித்துக்கொண்டு போனைத் துண்டித்தார். லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்த மனிதர் திரும்பக் கூப்பிட்டார். “அந்தப் பொண்ணு என்ன பண்றான்னா…” மறுபடி துண்டித்தார். சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. நீளமாக மெசேஜே வந்துவிட்டது. அன்புக்கரசி கண்ணை மூடிக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். “நீ படிச்சிட்டு அட்ரஸ் மட்டும் சொல்லு சார்.”

படித்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எத்தனை கஷ்டம் என்று ஆட்டோவில் போகும்போது தெரிந்தது. மடியில் கேமராவும் ஸ்டாண்டும் கண்ணாடித் தகடுமாக, “மூஞ்சியக்கூட அந்தாண்ட திருப்பிக்கோ” என்று உத்தரவிட்டுவிட்டார் அன்புக்கரசி.

விஜயராகவன் பைண்டை மேஜையில் வைத்துவிட்டு, “நான்தான் புரட்டுவேன்” என்று பக்கத்திலேயே உட்கார்ந்தார். விரல் நாக்குக்குப் போனது.

“சார், நாக்க உள்ள வையி சார்.”

அதற்குப் பிறகு அன்புக்கரசிதான் புரட்டினார். உதடசையப் படித்துக்கொண்டே படமெடுத்தார். மூன்றாம் பக்கத்தில் உதடு அசைவது நின்றது. நான்காம் பக்கத்தில் மஞ்சுளா டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறாள். கீழே படம்: ரவீந்திரன் கைவீசிக்கொண்டு சிரித்தபடி முன்னால் நடக்கிறான்.

“பொட்டியக்கூட அவளே தூக்கிக்கினு வர்றா” என்றார் அன்புக்கரசி.

“நான்தான் அப்பவே சொல்றேன்னேனே” என்றார் விஜயராகவன்.

அன்புக்கரசி கண்ணாடியை இறக்கப் போனவர், நிறுத்தினார். ஆள்காட்டி விரலை மடக்கி, காகிதத்துக்கு வலிக்காதபடி, ரவீந்திரன் தலையில் ஒரு குட்டு வைத்தார். அப்புறம்தான் பொத்தானை அழுத்தினார்.