பக்கத்து இருக்கையில் யாரோ இருந்த வண்டி

அன்பர்களே, நான் இராமநாதபுரத்தில் கார் விற்கிறவன். வாய்தான் என் பிழைப்பு. அந்த வாயே அடைத்துப்போன நாட்களைச் சொல்கிறேன்.

2020 மார்ச் கடைசி. உப்பூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வெள்ளைக் கார் பதிந்திருந்தார். "ஓட்டுறது என் மகதான். நான் பக்கத்துல உக்காந்து வருவேன்" என்று சிரிப்பார். வண்டி எடுக்கும் நாளில் போன் செய்தார். "பஸ்ஸக் காணோம் தம்பி. ராகு காலத்துக்கு முன்ன நீயே பூசையப் போட்டுரு." போட்டேன். மாலை சாத்தி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தேன். அவர் வருமுன் ஊரடங்கு வந்துவிட்டது.

ஏப்ரலில் நாடு முழுக்க கார் விற்பனையே இல்லை. பேட்டரி செத்துவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை நான் மட்டும் போய் வண்டிகளை ஸ்டார்ட் செய்வேன். ஜூனில் அவர் கொரோனாவில் இறந்த செய்தி வந்தது. அன்று அந்தக் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். சீட் பெல்ட் மணி அடித்தது. என் பெல்ட் போட்டுத்தான் இருந்தது. பக்கத்து இருக்கைக்கு அடித்தது; அதில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால்தான் அது அடிக்கும். அங்கே யாரும் இல்லை. நட்டநடுப் பகலில் கதவைத் திறந்துபோட்டு வெளியே ஓடினேன். மெக்கானிக் பார்த்துவிட்டு, "பழுது ஒண்ணும் இல்லண்ணே" என்றார்.

வாரா வாரம் அடித்தது. விஷயம் பரவி, வந்தவர்களும் வேறு வண்டி கேட்டார்கள். மேலாளர் கத்தினார்: "ஆளு வராம யாருய்யா மாலை போடச் சொன்னா? இந்த வண்டி போகலேன்னா நீ போ."

வேலை போனால் குடும்பம் என்ன ஆகும்? உப்பூர்ப் பிள்ளையார் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டு அழுதேன். "பிள்ளையாரப்பா, அவர் வண்டியை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடு."

மூன்றாம் நாள் அவர் மகள் தாயாரோடு வந்து நின்றார். "அய்யா பதிஞ்ச வண்டி இங்கனதான நிக்குது? அம்மாவ பஸ்ஸுல கூட்டிட்டுப் போகப் பயமா இருக்கு." மறைக்க மனமில்லாமல் எல்லாம் சொன்னேன். "எங்க அய்யாதான? எங்களுக்கென்ன பயம்" என்றார்.

தாயார் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பெல்ட் போடவில்லை. மகள் சாவியைத் திருப்பினார். மணி அடிக்கவில்லை. தாயார் அந்த இருக்கையைத் தடவிக்கொண்டே இருந்தார். காய்ந்து சுருங்கியிருந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்க, வண்டி கிளம்பிப் போயிற்று.

என் வேலை தப்பியது. முன்பெல்லாம் மாத இலக்குக்காக மட்டுமே சாமி கும்பிடுவேன். இப்போது வண்டி எடுப்பவர் யாரானாலும் அவர் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்கிறேன். பயம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நடுங்கிக்கொண்டே கேட்டேன், பிள்ளையார் கொடுத்தார். நீங்களும் நடுங்கிக்கொண்டே கேளுங்கள்.