மூன்று காவல்காரர்கள்

அழகருக்கு யாரிடமும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல வராது. மட்டாஞ்சேரியில் அரிசிக் கிடங்கில் கணக்கு எழுதுகிறார். காலையில் கிடங்குக்குப் போகும் வழியில் யார் கூப்பிட்டாலும் உட்கார்ந்து சாயா குடிப்பார். வேலைக்குப் போய்ச் சேரும்போது வயிறு குடமாக இருக்கும்.

அவர் மனைவி பொன்மணி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். கழுத்து டிசைன்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒருநாள் அவள் டிசைன் தேடிக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவந்து, உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்று சங்கு ஊதியது. அவள் நிதானமாக அணைத்துவிட்டாள். அழகருக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

நல்ல ஆன்டிவைரஸ் எது என்று விசாரிக்கக் கிளம்பினார். கம்ப்யூட்டரை விற்ற ஷிபு, தன் கடையில் உள்ள பச்சைப் பூட்டுப் படம் போட்டதுதான் சிறந்தது என்றான். வாங்கிக்கொண்டார். சுக்குக் கடை யூசுப், தான் வாங்கியதை இன்னொரு கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம், சும்மா கிடக்கிறது என்று ஆந்தைப் படம் போட்ட ஒன்றைக் கொடுத்தார். சும்மா கொடுப்பதை எப்படி மறுப்பது? ஞாயிற்றுக்கிழமை பொன்மணியின் தம்பி ஆனந்தகுமார் வந்தான். காக்கநாட்டு ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவன். மச்சினனிடம் கேட்காமல் விட்டால் மரியாதை இல்லையே என்று அவனிடமும் கேட்டார். அவன் கழுகுப் படம் போட்ட ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து வீட்டில் மூன்று காவல்காரர்கள். திருடன்தான் இல்லை. ஆந்தை பூட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டது. பூட்டு கழுகின் கோப்பு ஒன்றைப் பிடித்து அடைத்துவைத்தது. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு உலை வைத்தால், சோறு வெந்த பிறகும் அது விழித்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெரு அம்பிளி, தங்கை கல்யாணத்துக்கு பிளவுஸ் டிசைன் பார்க்க வந்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாளைக்கு வருகிறேன் சேச்சி என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் பொன்மணி சொன்னாள்: "ஒண்ண வச்சுக்கிட்டு ரெண்ட எடுங்க. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

யாருடையதை எடுப்பது? சொல்லிவிட்டு எடுப்பதுதானே முறை என்று யூசுப்பிடம் போனார். சாயா குடித்துவிட்டு, ஒரு பொட்டலம் சுக்கோடு திரும்பினார். ஷிபுவிடம் போனவர் புது மவுஸ் வாங்கிக்கொண்டு வந்தார். ஆனந்தகுமாருக்குப் போன் போட்டார். பேச்சு எப்படியோ சுற்றி, அடுத்த ஞாயிறு சாப்பிட வாங்க மாப்பிள்ளை என்று அவனை அழைப்பதில் முடிந்தது.

பொன்மணி போனை வாங்கித் தானே தம்பியிடம் கேட்டாள்.

"ஒண்ணுக்கு மேல இருந்தா ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும் அக்கா. வின்டோஸ்லயே ஒண்ணு இருக்கு, உங்களுக்கு அதுவே போதும். எல்லாத்தையும் எடுத்துட்டா அது தானா வேலை செய்யும்."

"பிறகு ஏன்டா நீயும் ஒண்ணப் போட்ட?"

"அத்தான் அவ்வளவு ஆசையாக் கேட்டாங்க. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

பொன்மணி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். தம்பி சொல்லச் சொல்ல மூன்றையும் நீக்கினாள். கம்ப்யூட்டர் குளித்து எழுந்த மாதிரி ஓடியது. மறுநாள் அம்பிளி வந்து டிசைனைத் தேர்ந்தெடுத்துத் துணியையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அழகருக்கு மட்டும் நெஞ்சு உறுத்தியது. கடைசியில் துணிந்து யூசுப்பின் கடை வாசலில் நின்றார். "இக்கா, அந்த ஆந்தைய எடுத்துட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அப்படியா, நல்லதாப் போச்சு. என் மருமகன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனுக்குக் கொடுத்துடுறேன்" என்றார் யூசுப்.

அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா என்று அழகருக்குச் சந்தோஷம். யூசுப் கொஞ்சமாவது வருத்தப்பட்டிருக்கலாமே என்று ஒரு சின்னக் குறையும் இருந்தது.

ஷிபுவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லுகிற வரைக்கும் இருக்கட்டும் என்று, அவன் கடை இருக்கும் தெருவை விட்டுவிட்டுப் படகுத்துறைப் பக்கமாகச் சுற்றித்தான் கிடங்குக்குப் போய்வருகிறார்.