பிள்ளைகள் எத்தனை பேர்?

வின்னிபெக் நகரின் வடக்குப் பகுதியில் உள்ள முதியோர் இல்லத்தில், இரண்டாம் மாடியில் வேலை பார்ப்பவள் அனலின். தொண்ணூறு வயதுக்காரர்களைக் குளிப்பாட்டுவாள், தலை சீவிவிடுவாள், கஞ்சியைத் துப்புபவர்களிடம் கோபப்படாமல் மறுபடியும் கரண்டியை நீட்டுவாள். ஐந்து வருடங்களில் ஒரு நாள்கூட விடுப்புக் கேட்டதில்லை. அந்த ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் கேட்டாள். மேற்பார்வையாளர் காரணம் கேட்டபோது, எமர்சன் போகிறேன் என்றாள். அவர் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

எமர்சன் போவது என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நிரந்தரமாகத் தங்கலாம் என்று அரசாங்கம் அனுப்பும் தாள், கையில் வந்ததும் செல்லுபடியாகிவிடாது. நாட்டை விட்டு ஒருமுறை வெளியே போய், மறுபடி உள்ளே வரும் வாசலில் அதிகாரியிடம் நீட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் எமர்சன் எல்லை. அமெரிக்கக்காரன் வாசலில் போய் நிற்பார்கள். விசா இல்லை, உள்ளே விட முடியாது என்று அவன் ஒரு சீட்டு கொடுப்பான். அதற்காகத்தான் போவதே. அந்தச் சீட்டோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால் வாழ்க்கை மாறிவிடும்.

அனலினின் தாளில் இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி இருந்தது. அதற்குள் கையெழுத்து விழாவிட்டால் அது வெறும் காகிதம்.

எர்னிங் அண்ணன்தான் அவளைக் கூட்டிப் போனார். பள்ளிப் பேருந்து ஓட்டிய பிலிப்பினோக்காரர், ஓய்வு பெற்றுவிட்டார். எங்கள் பிலிப்பைன்ஸ் ஆட்களை எமர்சனுக்குக் கூட்டிப் போய் வருவதை ஒரு வேண்டுதல் போலச் செய்துகொண்டிருந்தார். அனலின் நாற்பத்து மூன்றாவது ஆள். வண்டியின் பின்னிருக்கையில் அவர் மனைவி கட்டிக்கொடுத்த பன்சிட் நூடுல்ஸ் தட்டு சூடாக இருந்தது. கையெழுத்து ஆனதும் வாகனம் நிறுத்துமிடத்திலேயே அதைத் திறந்து சாப்பிடுவது அவர் வழக்கம்.

செஞ்சிவப்பு ஆறு கரை உடைத்துக்கொண்டு வயல்களில் ஏறியிருந்தது. சாலையின் இரு பக்கமும் தண்ணீர், அதில் கூட்டம் கூட்டமாகக் காட்டு வாத்துகள். எர்னிங் அண்ணன் வழக்கம்போலப் பாடம் நடத்த ஆரம்பித்தார். அதிகாரி கேட்பது நாலே கேள்வி. குற்றம் ஏதாவது செய்தாயா, இதற்கு முன் திருப்பி அனுப்பப்பட்டாயா, கல்யாணம் ஆனதா, பிள்ளைகள் உண்டா.

"நாலுக்கும் இல்லன்னு சொல்லணும். கதை சொல்லக் கூடாது. உனக்குப் பிரச்சினையே இல்ல அனா, ஒத்தக்கட்ட" என்றார். பிறகு, சும்மா பேச்சுக்குச் சொல்வது போல, லிட்டோவின் கதையைச் சொன்னார்.

லிட்டோ ஒரு ஓட்டல் சமையல்காரன். ஊரில் ஒரு மகன் இருப்பதை எல்லையில் சொல்லவில்லை. முதலில் நான் உள்ளே வந்துவிடுகிறேன், பிறகு பையனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று நினைத்தான். இரண்டு வருடம் கழித்து விண்ணப்பம் போட்டான்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"லெட்டர் வந்துச்சு. நீ உள்ள வர்றப்ப சொல்லாத பிள்ளை, இனி எந்தக் காலத்துலயும் உன் குடும்பம் கிடையாதுன்னு. மேல்முறையீடு கூட பண்ணிப் பாத்தான். பையன் இப்ப மணிலாவுல லாரி ஓட்டறான்."

அனலின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாத்துகளைப் பார்த்துக்கொண்டு வருகிறாள் என்று எர்னிங் அண்ணன் நினைத்துக்கொண்டார்.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ மாகாணத்தில் அவளுடைய சிற்றூரில், இருபத்தோரு வயதில் அனலினுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தகப்பன் கப்பலில் வேலைக்குப் போனவன். கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அனலினின் அக்கா நிம்ஃபாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் குழந்தை இல்லை. மருத்துவச்சி பேனாவைத் திறந்து தாயின் பெயர் என்ன என்று கேட்டபோது, கட்டிலில் கிடந்த தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிம்ஃபா தன் பெயரைச் சொன்னாள். எங்கள் ஊர்களில் நடக்காத காரியம் இல்லை அது. மானம் தப்பித்தது. அக்காவின் மடி நிறைந்தது. ஜெஸா என்று பெயரிட்ட அந்தக் குழந்தை, பெற்றவளை "சித்தி" என்று கூப்பிடப் பழகியது.

நான்கு வயது ஜெஸாவை விட்டுவிட்டு அனலின் முதலில் ஹாங்காங் போனாள். பிறகு கனடா. வருடத்துக்கு இரண்டு முறை ஆள் உயர அட்டைப்பெட்டியில் சோப்பும் சாக்லேட்டும் காலணிகளும் அனுப்புவாள். மற்றவர்களுக்கு வாங்கும்போது அளவு கேட்பாள். ஜெஸாவின் காலணிக்கு மட்டும் கேட்கமாட்டாள். அந்தப் பாதம் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய உதவிய தோழி, பேப்பரில் இல்லாத பிள்ளை பிள்ளையே இல்லை என்று சொல்லியிருந்தாள். அனலினும் பிள்ளைகள் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். முதலில் காலூன்றிக்கொள்வோம், அப்புறம் ஊருக்குப் போய்ப் பதிவைத் திருத்தி மகளைக் கூட்டி வருவோம். அதுதான் அவள் திட்டம். ஐந்து வருடம் அந்தத் திட்டத்தைத்தான் அவள் தின்று, உடுத்து, போர்த்திக்கொண்டு வாழ்ந்தாள். இப்போது, இன்னும் இருபது நிமிடத் தூரத்தில், அது லிட்டோவின் திட்டமும்கூட என்று தெரிந்துபோயிற்று.

அமெரிக்க வாசலில் நாற்பது நிமிடம் மர பெஞ்சில் உட்கார வைத்தார்கள். விரல் ரேகை எடுத்தார்கள். எதிர்பார்த்த சீட்டு கிடைத்தது. வண்டி கனடாப் பக்கம் திரும்பி வந்து நின்றதும், அனலின் ஐந்து நிமிடம் கேட்டாள். எர்னிங் அண்ணன் கண்ணாடி துடைக்கும் துணியோடு கீழே இறங்கிக்கொண்டார்.

அவள் நிம்ஃபாவை அழைத்தாள். லிட்டோவின் கதையைச் சொன்னாள். உள்ளே போனால் என்ன கேட்பார்கள் என்பதையும், உண்மையைச் சொன்னால் தன் தாள் போய்விடலாம் என்பதையும், மருத்துவச்சியின் பதிவு பொய் என்று ஆனால் அக்காவுக்கும் சிக்கல் வரலாம் என்பதையும் சொன்னாள். மறுமுனையில் நிம்ஃபா ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள்.

"பதினோரு வருஷம் என்னை அம்மான்னு கூப்பிட்ட பிள்ளைடி" என்றாள். "டைஃபாய்டுல பத்து நாள் மடியில வச்சிருந்தது நான். நீ அங்க ஒரு கவுண்டர்ல நின்னு வாயத் திறப்ப, அவ உன் பிள்ளையாயிடுவா. அவ்வளவுதானா?"

"அவ்வளவு இல்லக்கா. நீ வேணாம்னு சொன்னா நான் சொல்ல மாட்டேன். உள்ள போய் இல்லன்னு சொல்லிட்டு வந்துடறேன். சத்தியமா."

சொல்லிவிட்டாள். கண்ணீர் கன்னத்தில் வழிய, அவள் காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நிம்ஃபா மூக்கை உறிஞ்சினாள். "போன மாசம் கண்ணாடி முன்னாடி நின்னா அவ. ஒரு கையில உன் போட்டோ. மூக்க அளந்து பாக்கறா, நெத்திய அளந்து பாக்கறா. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். என்னடி பண்றன்னு கேக்கல. கேட்டா அவ என்னத் திருப்பிக் கேட்டுடுவாளோன்னு பயம்."

அனலின் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"போ. போய்ச் சொல்லு. என்னப் பிடிச்சு ஜெயில்ல போட்டா, நீயே வந்து சோறு கொண்டு வந்து குடு" என்றாள் அக்கா. சிரிக்கத்தான் பார்த்தாள், பாதியிலேயே அழுதுவிட்டாள். "ஆனா ஒண்ணு. அவகிட்ட நான்தான் சொல்வேன். நீ இல்ல."

"நீதான்க்கா."

உள்ளே கவுண்டரில் இருந்தவள் ஃப்ரீசன் என்ற பெண் அதிகாரி. நரைத்த முடியை இறுக்கிப் பின்னியிருந்தாள். அனலினின் தாளை வாங்கி, கடவுச்சீட்டோடு ஒத்துப் பார்த்து, வாழ்த்துகள் என்றுகூடச் சொல்லிவிட்டாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேள்விகளுக்கு வந்தாள். குற்றம் எதுவும் இல்லை. திருப்பி அனுப்பப்பட்டதில்லை. கல்யாணம் ஆகவில்லை.

"பிள்ளைகள் எத்தனை பேர்?"

"ஒரு பொண்ணு. பதினோரு வயசு."

ஃப்ரீசன் தாளைப் பார்த்தாள், அனலினைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். "இதுல இல்லைன்னு இருக்கே."

"ஆமா. நான்தான் கோடு போட்டேன்."

"இப்ப இதைச் சொன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. நேத்து தெரியாது மேடம்."

ஃப்ரீசன் பேனாவை மூடினாள். அனலின் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். கப்பல், மருத்துவச்சி, அக்கா, அந்தக் கோடு. சொல்லி முடித்ததும் கடவுச்சீட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் இன்னொரு அதிகாரியோடு அவள் பேசுவதும், அவர் தலையை ஆட்டுவதும் தெரிந்தது. அது எந்தப் பக்கமாக ஆடுகிறது என்று அனலினுக்குப் புரியவில்லை. அரை மணி நேரம் அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

திரும்பி வந்த ஃப்ரீசன் கையில் கடவுச்சீட்டு மட்டும் இருந்தது.

"இன்னிக்கு நான் கையெழுத்துப் போடப் போறதில்ல" என்றாள். அனலினின் முகத்தைப் பார்த்து, அவசரமாகத் தொடர்ந்தாள். "கேளுங்க. உங்க பொண்ணு பேரு ஃபைல்ல ஏறாம நான் இன்னிக்குக் கையெழுத்துப் போட்டா, அவ வெளிய நின்னுடுவா. அப்புறம் யாராலயும் உள்ள கொண்டு வர முடியாது. அதனால போடல. உங்க ஃபைல் திரும்பப் போகுது. கேள்வி கேட்டப்ப நீங்களாவே சொன்னீங்கன்னு நான் எழுதியிருக்கேன். அது எவ்வளவு உதவும்னு என்னால சொல்ல முடியாது. முதல்ல மறைச்சது தப்புதான், அதுக்கு அவங்க விளக்கம் கேப்பாங்க. உண்மைய எழுதுங்க. ரத்தப் பரிசோதனை மாதிரி ஒண்ணு கேப்பாங்க, அதைச் செய்யுங்க. வேலை பாக்கற அனுமதி ஆகஸ்ட் வரைக்கும் இருக்கு. அதை இப்பவே நீட்டிக்கக் கேளுங்க."

அனலின் தலையாட்டினாள். நன்றி என்றாள். எதற்கு நன்றி என்று அவளுக்கே தெரியவில்லை. கதவருகே போனவளை ஃப்ரீசன் கூப்பிட்டு, பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டாள். அதிகாரியாகக் கேட்கவில்லை, பேனா மூடியேதான் இருந்தது. ஜெஸா என்றாள் அனலின். ஒரு அரசாங்கக் கட்டடத்துக்குள் அந்தப் பெயரைத் தன் மகளின் பெயராக அவள் சொன்னது அதுவே முதல் முறை.

வெளியே எர்னிங் அண்ணன் கொடிக்கம்பத்துக்கு அடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், படம் எடுக்க. அவள் கையை ஆட்டி வேண்டாம் என்றாள். நடந்ததைக் கேட்டதும் அவர் அப்படியே வண்டியின் மீது சாய்ந்துவிட்டார். நாற்பத்திரண்டு பேரைக் கொண்டு வந்தேன், ஒருவரும் இப்படித் திரும்பியதில்லை, என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம் என்று புலம்பினார்.

"நீங்க சும்மா இருந்திருந்தா நான் லிட்டோ ஆகியிருப்பேன் அண்ணே" என்றாள் அனலின். "அந்தத் தட்ட எடுங்க. பசிக்குது."

அவர் பின்னிருக்கையிலிருந்து தட்டை எடுத்தார். "கையெழுத்து வாங்காம என் பன்சிட்ட யாரும் தொட்டதில்ல, தெரியுமா" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டைத் திறந்தார். வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெள்ளக்காற்றில் இருவரும் சாப்பிட்டார்கள். பெரிய பங்கு அவளுக்குத்தான்.

பன்னிரண்டு நாள் போனது, தாளும் காலாவதியானது. அனலின் நான்கு பக்கத்துக்கு விளக்கம் எழுதினாள். எர்னிங் அண்ணன் எழுத்துப் பிழை திருத்தினார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஏழாவது வாரம் பதில் வந்தது. மறுப்பு இல்லை. கோப்பு மூடப்படவில்லை. தாயும் மகளும்தான் என்பதற்கு மரபணுச் சான்று, குழந்தையின் மருத்துவப் பரிசோதனை, ஊர்ப் பதிவைத் திருத்த நீதிமன்றத்தில் கொடுத்த மனுவின் நகல், இவை வந்த பிறகு முடிவு சொல்வோம் என்று இருந்தது. அந்தக் கடிதத்தை அவள் குளிர்பதனப் பெட்டியின் மேல் காந்தம் வைத்து ஒட்டினாள்.

ஜூலை மாதத்தில் ஒரு காலை. அனலின் வேலைக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள். இலோய்லோ நகரத்து ஆய்வகத்தில் இருந்து நிம்ஃபா ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஜெஸா நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிறாள். அவள் தோளில் ஓரமாக நிம்ஃபாவின் கை தெரிகிறது. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள், எல்லாவற்றையும் அவளே சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து மூன்று வாரமாக ஜெஸா போனுக்கு வரவில்லை. அவசரப்படுத்தாதே, அவளுக்கு நேரம் கொடு என்று மட்டும் நிம்ஃபா சொல்லிக்கொண்டிருந்தாள்.

படத்துக்குக் கீழே, ஜெஸாவே தட்டச்சு செய்த ஒரு செய்தி வந்தது. சித்தி என்று தொடங்கவில்லை. வேறு எந்த விளியும் இல்லை.

"வாய்க்குள்ள பஞ்சு வச்சுத் தேச்சாங்க. கூசுச்சு, வலிக்கல. நீயும் இதே மாதிரி குடுத்தியா? உனக்கு வலிச்சுதா?"

அனலின் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோனது. அதற்கடுத்ததும் கடந்துபோனது. பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ கெட்ட செய்தியோ என்று பயந்து தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளாலும் போனைப் பிடித்து, மகளுக்குப் பதில் எழுத ஆரம்பித்தாள்.