மொட்டை மலைக்குக் கீழே தம்பி

போன கிழமை அப்டன் பார்க் கடைத்தெருவில் வெண்டிக்காய் வாங்கப் போயிருந்தேன். கடை வாசலில் நத்தாருக்கு விற்கிற கிறிஸ்மஸ் மரங்களை வலை சுற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் வெண்டிக்காய் வாங்காமலே திரும்பிவிட்டேன். எல்லாருக்கும் அது கொண்டாட்ட வாசம். எனக்குப் பயத்தின் வாசம். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் மனோர் பார்க்கில் இருந்து பெற்றோல் ஸ்டேஷன் வேலைக்குப் போய்வந்த காலம். தம்பி சுவிஸில் அகதியாக இறங்கி, ஒரு மலைக்கிராமத்து ஹோட்டலில் கோப்பை கழுவினான். முருகன் குறிஞ்சிக்காரன் அல்லவா, மலையில் இருக்கிறவனை அவன் பார்த்துக்கொள்வான் என்று தைரியமாக இருந்தேன்.

ஒருநாள் அவன் அனுப்பிய பெட்டியில் சொக்லேட்டோடு ஒரு பைன் கிளையும் வந்தது. என் மனுசி அதைச் சாமிப்படத்துக்கு வைத்தாள். அறை முழுக்க வாசம். அன்று பின்னேரம் டெலிபோனில்தான் தம்பி விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணை, ஊருக்கு மேல இருந்த காட்டை வழிச்சுப்போட்டாங்கள். பனிச்சறுக்கு விளையாட வாற ஆக்களுக்குப் பாதையாம். அதில எடுத்த கிளைதான்."

"வெட்டினா வெட்டட்டும், உனக்கென்ன?"

"அந்த மரங்கள்தான் பனியைப் பிடிச்சு வைச்சிருந்ததாம். ஊர்ச்சனம் பரம்பரையா அதில கோடாலி வைக்கேல்லையாம். எங்கட முதலாளிதான் ஹோட்டல் நிரம்ப வேணுமெண்டு ஒற்றைக்காலில நிண்டவர்."

கோயில் காட்டில் சுள்ளி முறிக்கவே அஞ்சுகிற சனம் நாங்கள். எனக்கு நித்திரை போய்விட்டது. "விட்டிட்டு இறங்கி வாடா" என்றேன். "அகதிக் கேஸ் முடியுமட்டும் வேற இடம் போகேலாது, அண்ணை" என்றான்.

அந்த மாசியில், மதியச் செய்தியில் அவனுடைய பள்ளத்தாக்கைக் காட்டினார்கள். பனி சரிந்து வீடுகளை மூடிவிட்டதாம். ஹோட்டலுக்கு டெலிபோன் அடித்தால் கீ என்ற சத்தம் மட்டும். கோயிலுக்கு ஓடி, அவன் பெயரில் அர்ச்சனை செய்வித்தேன். வினை அங்கேதான் தொடங்கியது. பூசைக்கு வந்த சனமெல்லாம் ஆறுதல் சொல்ல வீட்டுக்கு டெலிபோன் அடிக்கத் தொடங்கிவிட்டது.

"தம்பி சுகமோ?"

"தெரியேல்லை அக்கா, வையுங்கோ."

"யோசியாதேங்கோ, முருகன் இருக்கிறான். எங்கட சித்தப்பாவுக்கும் ஒருக்கா இப்பிடித்தான்..."

மனுசி ரிசீவரைப் பறித்தாள். "முருகன் இருக்கிறான் அக்கா, லைன்தான் இல்லை!"

வைத்த கையோடு மறுபடி மணி. பாய்ந்து எடுத்தேன்.

"அண்ணை, பக்கத்து வீட்டு டெலிபோனில எவ்வளவு நேரமா அடிக்கிறன்! ஆரோட அலட்டிக்கொண்டு இருக்கிறியள்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்டின பாதையால்தான் பனி இறங்கியதாம். அவன் படுக்கிற அறையை அள்ளிக்கொண்டு போயிற்றாம். அவன் அப்போது குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றானாம். மரம் மிஞ்சியிருந்த பக்கத்து வீடுகளுக்கு ஒரு கீறலும் இல்லையாம்.

பிறகு ஊர் கூடி அந்தச் சரிவில் திரும்ப மரம் நட்டது. தம்பியும் கன்று சுமந்தான். இன்று அது காடு. ஆனால் பனிதான் முன்னைப்போல இல்லையாம். மாசியிலும் மலை வெறும் மண்ணாகக் கிடக்கிறதாம், கிராமத்து ஊற்றுகள் வற்றுகின்றனவாம். அவன் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். அன்று சந்நிதியில் விழுந்து நான் கேட்டது, "முருகா, அந்த மலையில் இனிப் பனியே விழக்கூடாது" என்றுதான்.