மட்டாஞ்சேரிக்குத் தூது போன கதை

கோயம்புத்தூரிலிருந்து ஒரே நாளில் கொச்சிக்குப் போய்த் திரும்ப முடியுமா என்று இந்த மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். முடியும். நான் போய்த் திரும்பியிருக்கிறேன், ஆனால் சுற்றிப் பார்க்க அல்ல. 2003 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, என் தம்பி குமரன் எழுதிய காதல் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரிக்குப் போனேன். நாற்பத்தொரு வயதில், கல்லூரியில் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டு, இது எனக்குத் தேவையா என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

குமரன் எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தான். தங்கியது மட்டாஞ்சேரிப் பக்கம். அப்போது எர்ணாகுளத்தில் வேலைக்குப் போய்க்கொண்டு, தினமும் ஒரே படகில் வந்த சுனிதாவோடு பழக்கம். அவள் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் வேலை, வீடு பக்கத்திலேயே சுள்ளிக்கல்லில். கடை மூடியதும் இவன் ஊர் திரும்பிவிட்டான். எட்டு மாதமாக, அவள் இப்போது வேலை செய்யும் மட்டாஞ்சேரி மசாலாக் கடைக்குப் போன் போட்டு மூச்சு விட்டதோடு சரி. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அன்றைக்கே பேசி முடித்துவிடுவார்கள் என்று அங்கேயிருந்த ஒரு நண்பன் மூலம் தகவல் வந்தது. துரை உடனே என்ன செய்தார்? கடிதம் எழுதினார்.

"நீ போனா மரியாதையா இருக்கும்க்கா. எனக்கு லீவு கெடைக்காது" என்றான்.

"எனக்கு மட்டும் காலேஜ் தானா நடக்குமாடா?"

"உனக்குத் தெரியாததா? தூதுன்னா எவ்வளவு ஒசத்தின்னு நீதானே எழுதியிருக்கே."

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இடைக்காலத் தமிழில் தூது இலக்கியம் பற்றித்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். அன்னம், மேகம், கிளி, தென்றல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் காதலுக்குத் தூது விட்ட நூல்கள் அவை. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் கணினியில் அடித்துக் கொடுத்தவன் இவன்தான். அவற்றில் பெரும்பாலும் பெண்தான் தூது விடுவாள், ஆண் அல்ல என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவில்லை போலிருக்கிறது.

காலை ஆறேகால் பாசஞ்சரில் ஏறினேன். டிக்கெட் முப்பத்துமூன்று ரூபாய், தூரம் சுமார் 190 கிலோமீட்டர். பதினொன்று பத்துக்குப் போக வேண்டிய வண்டி, பாலக்காட்டுக்கு அப்பால் ஏதோ காட்டில் நின்று யோசித்துவிட்டுப் பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் நாற்பது கேட்டார்.

"சேட்டா, பதினஞ்சுன்னு சொன்னாங்களே?"

"ஆரு பறஞ்சு? பறஞ்ச ஆளைக் கூட்டிட்டு வா, அவருக்குப் பதினஞ்சு."

முப்பத்தைந்துக்கு இறங்கி வந்தார். படகுத்துறையில் பெண்களுக்குத் தனி வரிசை உண்டு, அதில் நில்லுங்கள். டிக்கெட் இரண்டரை ரூபாய். நான் சில்லறை எண்ணி நீட்டுவதற்குள் மட்டாஞ்சேரிப் படகு போயே போய்விட்டது. அடுத்தது ஐம்பது நிமிடம் கழித்து. வெயில் மண்டையைப் பிளந்தது. இத்தனை தூது நூல்களைக் கரைத்துக் குடித்தேனே, ஒன்றிலாவது தூது போகிறவளுக்குத் தாகம் எடுக்குமே என்று ஒரு வரி உண்டா? கிடையாது. 'நீ போய் என் நிலைமையைச் சொல்லு, பதிலுக்கு அவர் மார்பில் போட்ட மாலையை வாங்கி வா' என்று கேட்பதோடு நூல் முடிந்துவிடும். அன்னம் கிளம்பியதா, போய்ச் சேர்ந்ததா, என்ன பதில் கிடைத்தது, ஒருவரும் எழுதவில்லை. அதைப் பற்றி நானும் கேட்காமல் பட்டம் வாங்கிவிட்டேன்.

படகில் இருபது நிமிடம். இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் கடைத்தெரு. ஏலக்காய், மிளகு, சுக்கு எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கென்று சின்னச் சின்னப் பொட்டலமாகத் தொங்கும் கடைகளில் மூன்றாவது கடையில் சுனிதா இருந்தாள். ஒல்லியாக, நெற்றியில் சந்தனக் கீற்றோடு, ஒரு வெள்ளைக்காரருக்கு ஜாதிக்காயை முகர்ந்து காட்டிக்கொண்டிருந்தாள். கல்லாவில் முதலாளி, அறுபது வயது மலையாளி. நான் குமரனின் அக்கா என்றதும் அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்றதும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

கடிதத்தை நீட்டினேன். பிரித்தாள், பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குத் தமிழ் வாயிக்கத் தெரியாதுக்கா. பேசுறதோட சரி. ஸ்கூலெல்லாம் மலையாளம்தானே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காயலில் நீந்தியாவது போய் அவனை நாலு அறை அறைந்திருப்பேன். இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கதை அளந்தவனுக்கு, அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது தெரியாதா!

"அக்கா வாயிச்சுத் தாங்க" என்றாள்.

"இங்கேயா?"

"வாயிக்கு டீச்சரே, வாயிக்கு" என்றார் முதலாளி, ரேடியோவை அணைத்துவிட்டு. "எனக்குத் தமிழ் மனசிலாவும். சினிமா கண்டு படிச்சதாக்கும்."

வேறு வழி? மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து என் தம்பியின் காதல் கடிதத்தை உரக்கப் படித்தேன். 'பிரிவாற்றாமையால் உடல் மெலிந்து, கைவளை நெகிழ்ந்து' என்று ஆரம்பித்தது. அவன் வளையல் போட்டதை நான் பார்த்ததில்லை, மெலியவும் இல்லை. 'உயிரினும் இனிய துணையே தூதாகச் செல்லுதல் மரபு' என்று அடுத்த வரி. எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே போனால், 'இஃது ஈண்டு நோக்கத்தக்கது' என்று வந்தது. அடுத்து, 'காண்க: மூன்றாம் இயல்'. அடப்பாவி! என் ஆய்வேட்டிலிருந்து அப்படியே பெயர்த்து எடுத்திருக்கிறான்.

"ஈண்டுன்னா எந்தாக்கா?"

"இங்கேன்னு அர்த்தம்."

"இங்க அவரு இல்லையே" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. "வீட்டுல எப்படியாவது தள்ளிப்போட்டுட்டு இருந்தேன்க்கா. ஞாயிறு பத்தரைக்கு ஆளுக வராங்க. அச்சன் கேக்குறாரு, ஆரையாவது மனசுல வச்சிருக்கியான்னு. உண்டுன்னு சொன்னா, எங்கேன்னு கேப்பாரு. இந்தக் கடுதாசியையா காட்டுறது?"

முதலாளி சாயா வரவழைத்தார். எனக்குக் கொடுத்துவிட்டு, "அக்காவுக்கு வழி தெரிஞ்சு வந்தாச்சு. இவிட ரெண்டு வர்ஷம் கிடந்தவனுக்கு வழி மறந்துபோச்சா?" என்று கேட்டார். அவனுக்காக நான் வெட்கப்பட்டேன்.

சுனிதா கடிதத்தைத் திருப்பி, பின்பக்கம் மலையாளத்தில் இரண்டே வரி எழுதி மடித்தாள். "அவருக்கு மலையாளம் வாயிக்கத் தெரியும். கொடுத்தா மதி, அது போதும்." மாலைக்குப் பதில் எனக்குக் கிடைத்தது இதுதான்.

அரண்மனையும் அதன் சுவரோவியங்களும் இரண்டு நிமிட நடையில் இருந்தன. நுழைவு இரண்டு ரூபாய். அதற்கும் நேரமில்லாமல் திரும்பும் படகுக்கு ஓடினேன். ரயிலில் எதிர் இருக்கையில் திருச்சூர்க்கார அம்மா ஒருவர். ஆலுவா வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அடுத்தவர் கடிதம்தான், தப்புதான், ஆனால் தூது போகிறவளின் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டுதானே? அவரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துச் சொன்னார்: "ஞாயிறு பத்து மணிக்கு முன்னே வா. அக்காவை அனுப்பாதே."

வீட்டு வாசலிலேயே காத்திருந்தான். "லெட்டர் புடிச்சிருந்துச்சாக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. காகிதத்தை அவன் முகத்தில் எறிந்தேன். படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு, "ஞாயித்துக்கிழமை காலையில பாசஞ்சர்ல போறேன்" என்றான்.

"அது பன்னெண்டு மணிக்குத்தான்டா போய்ச் சேரும், மடையா! பத்து மணிக்கு முன்னாடின்னு எழுதியிருக்கா!"

சனிக்கிழமை மத்தியானமே சட்டைப் பையில் நூற்றைம்பது ரூபாயை வைத்துப் பஸ் ஏற்றிவிட்டேன்.

காதலுக்காக ஆண் செய்கிற இன்னொரு காரியமும் அந்தப் பழைய நூல்களில் உண்டு. பனைமட்டையில் குதிரை செய்து அதன்மேல் ஏறி, ஊர் சிரிக்க, அவள் தெருவில் வந்து நிற்பது. மடலேறுதல் என்பார்கள். அதிலும் பெரும்பாலானவர்கள் 'ஏறுவேன், ஏறுவேன்' என்று மிரட்டுவதோடு சரி. என் ஆய்வேட்டில் அதற்கு நான் ஒன்றரைப் பக்கம்தான் ஒதுக்கினேன்.

இப்போது வருடத்துக்கு இரண்டு முறை கொச்சிக்குப் போகிறேன், தம்பியின் மாமனார் வீட்டுக்கு. அதனால் நான் சொல்வதை நம்பலாம். பாசஞ்சரை நம்பி மதியத்துக்கு எந்த வேலையும் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை போனால் அரண்மனை மூடியிருக்கும். படகுக்கு இரண்டரை ரூபாய் சில்லறையை உள்ளங்கையிலேயே வைத்திருங்கள். ஆட்டோவில் ஏறுமுன் பேசுங்கள், பேசியும் முப்பத்தைந்து கொடுப்பீர்கள். யாருடைய காதல் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தம்பியாகவே இருந்தாலும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு, ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கசங்கிய சட்டையோடு சுள்ளிக்கல் வீட்டு வாசலில் குமரன் நின்றானாம். மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரமே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். சுனிதாவின் அப்பா வெளியே வந்து யாரென்று கேட்டார். இவன் வாயைத் திறப்பதற்குள் சுனிதாவே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அப்ப என்னடா சொன்னே?" என்று கேட்டேன்.

"வந்துட்டேன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் நான் மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டேன். அந்தச் சொல் அதில் எங்கேயும் இல்லை.