இரண்டாவது ரிமோட்

என் மாமா மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. மீசை வந்திருந்தது, வேறெதுவும் வந்திருக்கவில்லை. பி.யூ.சி.யை இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தான். வெளியே சுற்றிக் கெட்டுப்போய்விடக் கூடாதே என்று மாமா பெங்களூரிலிருந்து ஒரு வீடியோ கேம் வாங்கி வந்து டிவியில் மாட்டினார். அதன்பின் அவன் வீட்டிலேயே உட்கார்ந்து கெட்டுப்போனான்.

கேசட்டின் மேல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தவை ஏழெட்டுதான். அவையே பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தன. அதைக் கண்டுபிடிக்கவே அவனுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அவற்றில் ஒன்றே ஒன்று நல்ல ஆட்டம். இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது. ஒரு பனிமலை, அதில் தட்டுத் தட்டாக மாடிகள். நீலச் சட்டை போட்ட குள்ளன் ஒருவன், சிவப்புச் சட்டை போட்ட குள்ளன் ஒருவன். தலைக்கு மேலிருக்கும் கல்லைச் சுத்தியலால் உடைத்து, அந்த ஓட்டை வழியே மேல் மாடிக்குத் தாவ வேண்டும். ஒருவன் மேலே போய்விட்டால் படமும் கூடவே ஏறிவிடும். கீழே நிற்பவன் திரையை விட்டு விழுந்து சாவான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மேட்டகள்ளியிலிருந்து பஸ் ஏறி மாமா வீட்டுக்குப் போவோம். நான் நீலத்தையும் தொட்டதில்லை, முதல் ரிமோட்டையும் தொட்டதில்லை. இரண்டாவது ரிமோட்தான் எனக்கு. அதில் ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவுமான பொத்தான் கிடையாது. அந்தப் பொத்தானை வைத்துத்தான் அவன் வீரம் காட்டுவான். கல்லை உடைப்பது நான். ஓட்டை விழுந்ததும் முண்டியடித்துக்கொண்டு தாவுவது அவன். நான் தாவினால், பாதி அந்தரத்தில் இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தி, என் விரல் தடுமாறும் நேரம் பார்த்து மறுபடி ஓட விடுவான். நான் செத்ததும் தொடையைத் தட்டிச் சிரிப்பான்.

“இது என்ன ஆட்டம்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஏய், சும்னே ஆடே. ரூல்ஸ் எல்லாம் பேசாதே” என்றான். கன்னடமும் தமிழும் சேர்ந்த எங்கள் மைசூர்ப் பேச்சில்கூட அவன் சொல்வது அசட்டுத்தனமாகத்தான் இருக்கும்.

இந்தக் கண்றாவியை வாசற்படியில் நின்று பார்த்த அத்தைக்கு வேறொன்று தெரிந்தது. “ஜோடியா எவ்வளவு அழகா ஆடறாங்க பாருங்க!” என்று பூரித்துப்போவாள். ஒரு நாள் உப்பும் மிளகாயும் எடுத்து, டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் இருவரையும் சேர்த்துச் சுற்றிப்போட்டாள். மாமன் மகன், முறைப்பையன், வாரம் தவறாமல் நானே தேடி வருகிறேன். அவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? உண்மையில் நான் வந்தது அந்தப் பெட்டிக்காக. அதை அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால் ஆட்டம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கேவலத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டு வருஷம் போனது. நான் பி.யூ.சி. முடித்தேன். நர்ஸிங் படிக்க சீட் கிடைத்தது. கிடைத்த வாரமே அத்தை வந்து பூ வைக்க நாள் சொன்னாள்.

“நர்ஸிங் எதுக்கு? வீட்டுல என் பையன் ஒருத்தனைப் பாத்துக்கிட்டா போதும் அல்வா?” என்று ‘இல்லையா’வுக்குக் கன்னடம் போட்டுக் கேட்டாள். அந்த நோயாளியைப் பற்றி அவளுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. அம்மா தலையாட்டினாள். அப்பா அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார். என் தலையை யாரும் பார்க்கவில்லை. வேண்டாம் என்று அழுது பார்த்தேன். வெட்கப்படுகிறாள் என்றார்கள்.

பூ வைக்கும் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லோரும் மாமா வீட்டுக்கு நாலரைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிட்டது. ஆறு மணி வரை தட்டைத் தொடக் கூடாது. வெற்றிலை, வாழைப்பழம், மல்லிகை எல்லாம் டிவிக்குப் பக்கத்தில் காத்திருந்தன. இருபது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நல்ல காரியம்தானே பண்ணக் கூடாது? விளையாடலாமே” என்றாள் அத்தை. “ரெண்டு பேரும் ஆடுங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்தேன். இரண்டாவது ரிமோட்டை என் மடியில் எறிந்தான்.

முதல் மாடியில் நான் கல்லை உடைக்கவில்லை. சும்மா நின்றேன். அவனுக்கு உடைக்கத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக ஓட்டைக்குக் கீழே நின்றே பழக்கம். திணறித் திணறி ஒரு வழியாக உடைத்தான். நான் அதில் தாவினேன். வழக்கம்போல அந்தரத்தில் நிறுத்தினான். அழுத்திய விரலை எடுக்காமல் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது என்று நான் எப்போதோ கற்றிருந்தேன், காட்டிக்கொண்டதில்லை. மறுபடி ஓட விட்டதும் நேராக மேலே போய் இறங்கினேன். நீலம் விழுந்து செத்தது. மாமாக்கள் சிரித்தார்கள். இரண்டாவது முறையும் செத்தது. மூன்றாவது முறை யாரோ கை தட்டினார்கள்.

கோபம் வந்தால் அவனுக்குக் கன்னடம்தான் வரும். “நோடம்மா, மோசா மாடுத்தாளே!” என்று அலறினான். மோசடி செய்கிறேனாம். என் ரிமோட்டைப் பிடுங்கி எறிந்ததில் அது வெற்றிலைத் தட்டில் போய் விழுந்தது. தட்டு கவிழ்ந்தது. இருபத்தொரு வயது மாப்பிள்ளை தரையில் காலை உதைத்துக்கொண்டு அழுதான்.

அத்தை அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“இத்தனை பேர் முன்னாடி புருஷனாகப் போறவனை அழ வைக்கிறவ எனக்கு வேண்டாம்” என்றாள்.

ஆறு அடித்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் அம்மா டிக்கெட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, “ஒரு ஆட்டம். விட்டுக் குடுத்திருந்தா என்னடி ஆகியிருக்கும் உனக்கு?” என்றாள்.

“கல்யாணம்” என்றேன்.